குமுளி கிளையில் ஐபி போன் தானாக கான்ஃபிக் (அமைப்பு விவரம்) எடுக்கவில்லை

கம்பத்தில் ஏலக்காய்க் கடை, மேலே குமுளியில் கிளை. இரண்டிலும் யீலிங்க் டி31பி போன்கள். சர்வர் கம்பத்தில், ஃப்ரீபிபிஎக்ஸ் (போன் எக்ஸ்சேஞ்ச் மென்பொருள்). இங்கே டிஹெச்சிபி (நெட்வொர்க்கில் சேரும் கருவிக்கு ஐபி முகவரி தரும் முறை) ஆப்ஷன் 66-இல் டிஎஃப்டிபி (எளிய ஃபைல் அனுப்பும் முறை) முகவரி கொடுத்திருப்பதால், கேபிளைச் செருகினாலே போன் எக்ஸ்டென்ஷன் நம்பரோடு எழுந்துவிடும்.

போன மாதம் குமுளியில் இணைய இணைப்பை மாற்றினோம். அதிலிருந்து, ரீசெட் செய்த போனில் நேரம் சரியாகக் காட்டுகிறது, நம்பர் மட்டும் வருவதில்லை. புது ரவுட்டரில் ஆப்ஷன் 66 போட இடமே இல்லை. முகவரியைக் கையால் அடித்துப் பார்த்தேன்: போனின் மேக் (வன்பொருள் முகவரி) பெயரிலான சிஎஃப்ஜி (கான்ஃபிக்) ஃபைலைக் கேட்டு 69-ஆம் போர்ட்டுக்குக் கோரிக்கை வந்தது சர்வர் லாகில் தெரிகிறது; பதில் போய்ச் சேரவில்லை. டிஎஃப்டிபி பதிலை வேறு போர்ட்டிலிருந்து அனுப்பும், அது ரவுட்டரின் நாட் (NAT, முகவரி மாற்றம்) வேலையில் அடிபடுகிறது என்றே நினைக்கிறேன். ஹெச்டிடிபிஎஸ்-க்கு மாற்றியதும் உடனே எடுத்துக்கொண்டது, ஆனால் அதையும் ஒவ்வொரு போனிலும் கையால்தான் அடிக்க வேண்டும். கிளையில் இருக்கும் சேட்டனுக்கு அது ஆகாத வேலை. போனில் கோளாறு இல்லை, அதே போன் கீழே கொண்டுவந்தால் ஓடுகிறது.

ரவுட்டரை மாற்றாமல், பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதும் குமுளி போன் தானாகவே நம் ஹெச்டிடிபிஎஸ் முகவரிக்கு வர என்ன வழி?