ஹெரால்டு எஞ்சின் பெயின்ட்: க்ளாஸா, செமி க்ளாஸா, மேட்டா?

ஹெரால்டு_கோவை

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டின 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பன்னெண்டு வருசமா ஷெட்டுலயே நின்னுச்சு, இப்பதான் எஞ்சினை இறக்கி வேலை ஆரம்பிச்சிருக்கேன். 948 சிசி. சிலிண்டர் துளைய பெருசாக்கி (போர் போட்டு) பிளாக், அதாவது எஞ்சினோட இரும்பு உடம்பு, லேத்துல இருந்து வந்தாச்சு, மூட்டுறதுக்கு முன்னாடி பெயின்ட் முடிச்சிடணும். ஹெரால்டு தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, மட்கார்டு லைட் எல்லாம் சேர்த்து வண்டி மூஞ்சியே முன்பக்கமா சாயும், திறந்தா எஞ்சின்ல ஒரு போல்ட் கூட மறையாது, அதனாலதான் இவ்ளோ யோசிக்கிறேன்.

பெயின்டர் எல்லாத்தையும் பளபளக்கிற க்ளாஸ் கறுப்பு பியூல (ஹார்டனர் கலந்து அடிக்கிற பாலியூரிதேன் பெயின்ட்) ஒரே அடியா அடிச்சுடலாம்னு சொல்றாரு. நண்பர் பவுடர் கோட்டிங் போடு ஆயுசுக்கும் போகாதுங்கிறாரு. நெட்ல பாத்தா மினுக்கே இல்லாத மேட் கறுப்புதான் பழைய லுக்னு போட்டிருக்கு. பிளாக், டேப்பட் கவர் (எஞ்சின் மேல்மூடி), மேனிபோல்ட் (எஞ்சின்ல இருந்து பொகை வெளியேறுற குழாய்), ரேடியேட்டர், டைனமோ பிராக்கெட் இதுக்கெல்லாம் எது சரி? அப்பா இப்பவும் வாரம் ஒருமுறை வந்து பாத்துட்டு போறாரு, அவர் பாத்த மாதிரியே இருக்கணும்னு ஆசை.

அம்பாசடர்_மாம்பலம்

தம்பி முதல்ல ஒரே பெயின்ட்ல எல்லாத்தையும் அடிக்கிற யோசனைய விடுங்க. பிளாக் 80, 90 டிகிரி சூடுதான் பாக்கும், பக்கத்துல இருக்கிற எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் நல்லா ஓட்டும்போது 400, 500 வரைக்கும் போகலாம். பியூ அங்க அடிச்சா முதல் நாளே பொகைஞ்சு பொரிஞ்சு உரிஞ்சிடும்.

பிளாக்குக்கு என் ஓட்டு செமி க்ளாஸ், அதாவது பாதி மினுக்கு. மேட் போட்டோல நல்லா இருக்கும் ஆனா மேட்னாலே மேல்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு சொரசொரப்பா இருக்கும், ஆயிலும் தூசியும் அதுல உக்காந்தா துணியால தொடச்சா போகாது, திட்டு திட்டா நிக்கும். க்ளாஸ்ல துடைக்கிறது சுலபம், எங்க ஆயில் கசியுதுன்னும் உடனே தெரியும், ஆனா கேஸ்ட் அயர்ன்ல வார்ப்பு சொரசொரப்பு இருக்கே, அது மேல கண்ணாடி மாதிரி க்ளாஸ் ஏறினா ஒவ்வொரு மேடு பள்ளமும் மின்னும், அத மறைக்க பெயின்டர் பட்டி (பள்ளம் நிரப்புற பசை) போடுவாரு, சூட்டுல அந்த பட்டி வெடிச்சு வரும். பிளாக்ல பட்டி போடவே விடாதீங்க. கம்பெனில இருந்து வரும்போது எந்த எஞ்சினும் ஷோரூம் பாடி மாதிரி வரல, அந்த வார்ப்பு தெரியணும், அதுதான் அழகு.

டேப்பட் கவர் தகடு, அதுக்கு க்ளாஸ் தாராளமா போடலாம். டைனமோ, செல்ப் மோட்டார் பாடி செமி க்ளாஸ் கறுப்பு. கார்புரேட்டர பெயின்ட் அடிக்காதீங்க, சுத்தம் பண்ணி உலோகமாவே விடுங்க. மேனிபோல்டுக்கு 600 டிகிரி தாங்குற சிலிக்கான் ஹீட் ரெசிஸ்டன்ட் பெயின்ட், அது டல்லாதான் இருக்கும், அதுல ஷைன் தேடாதீங்க. கீழ பிரைமர் வேண்டாம், வெறும் இரும்பு மேல ரெண்டு மெல்லிசு கோட்டு போதும். பிளாக்குக்கு மட்டும் எபாக்சி பிரைமர்.

ஒரிஜினல் கலர் தெரியணும்னா வாட்டர் பம்ப் கேஸ்கெட் ஓரம், டைனமோ பிராக்கெட் அடியில சுரண்டிப் பாருங்க, வெயிலும் ஆயிலும் படாத இடத்துல பழைய பெயின்ட் அப்படியே இருக்கும். கழுவுறதுக்கு முன்னாடி பாத்துடுங்க.

மைனர்1000_யாழ்

வணக்கம் தம்பி. யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட ஹெரால்டும் 948 சிசி, எங்கட மொரிஸ் மைனர் 1000உம் முதல் வந்தது 948 சிசி, ஆனா ரெண்டும் வேற வேற எஞ்சின். என்ர மைனருக்கு நான் செய்த பிழையைச் சொல்றன், நீங்கள் செய்யாதேங்கோ. பெயின்ற் வடிவா இருக்கோணும் எண்டு ஏர்த் வயர் பூட்டுற இடத்தையும் சேர்த்து அடிச்சுப்போட்டன். எஞ்சின் ஏத்தி எல்லாம் பூட்டினாப் பிறகு செல்ப் சுத்துதில்லை, பற்றறி புதுசு, ஸ்ராட்டரைக் கழட்டிப் பூட்டி மூண்டு நாள் போட்டுது, கடைசியில பார்த்தா வயருக்குக் கீழ பெயின்ற். அந்த இடத்தையும் கேஸ்கெட் இருக்கிற முகங்களையும் ஒட்டு நாடாவால மறைச்சுப்போட்டு அடியுங்கோ.

மற்றது, கழுவுறதுதான் பாதி வேலை. இரும்பு ஐம்பது வருசமா எண்ணெய் குடிச்சிருக்கு, மண்ணெண்ணெயில கழுவினா மேலால மட்டும்தான் போகும். கழுவிப்போட்டு நல்ல வெயில்ல வையுங்கோ, எண்ணெய் திரும்பவும் கசிஞ்சு வரும், தின்னர் போட்டுத் துடையுங்கோ, வராமல் நிக்குமட்டும் திருப்பித் திருப்பிச் செய்யோணும்.

கன்_பெயின்டர்_சேலம்

பவுடர் கோட்டிங் பத்தி யாரும் சொல்லல. அது பொடியா தூவி 180ல இருந்து 200 டிகிரி அவன்ல (சூட்டு அடுப்புல) வேகுற சாமான். பிராக்கெட், பேன், ஏர் பில்டர் டப்பா இதுக்கு அருமையா இருக்கும். பித்தளை ரேடியேட்டர மட்டும் குடுத்துடாதீங்க, அதுல இருக்கிற ஈயப்பத்து 183 டிகிரிலேயே இளக ஆரம்பிச்சிடும், டேங்க் கையோட வந்துடும். ரேடியேட்டருக்கு மேட் கறுப்பு, அதுவும் காத்து மாதிரி ஒரே ஒரு கோட்டு, தடிப்பா அடிச்சா சூடு சரியா வெளியேறாது. பிராக்கெட்ல போல்ட் உக்கார்ற இடத்துலயும் பவுடர் வரக்கூடாது, நாளடைவுல நசுங்கி போல்ட் லூஸ் ஆகும்.

என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் மலிவா இருக்குன்னு எஞ்சின்ல அடிக்காதீங்க, பெட்ரோல் ஒரு சொட்டு விழுந்தா இளகிடும், மழைக்காலத்துல அடிச்சா வெளுத்தும் போகும். பியூ பெட்ரோல தாங்கும். ஆனா பியூல கலக்குற ஹார்டனர் நுரையீரலுக்கு ரொம்ப கெட்டது, மூஞ்சில துண்டு கட்டினா போதாது, ஷெட்டுக்குள்ள கதவ சாத்திட்டு அடிக்கவே கூடாது. இருபது வருசம் கன் பிடிச்சவன் சொல்றேன், கூட வேலை செஞ்சவங்க இருமுறத பாத்திருக்கேன்.

ஹெரால்டு_கோவை

அண்ணன்களா ரொம்ப நன்றி. யாழ்ப்பாணம் அண்ணை, ஏர்த் விஷயம் எனக்கு சத்தியமா தோணியிருக்காது. இன்னிக்கு டைனமோ பிராக்கெட் அடியில சுரண்டினேன், கறுப்புதான் இருக்கு, ரொம்ப மின்னாத கறுப்பு. அப்பாகிட்ட காட்டினேன், ஆமா இப்படித்தான் இருந்துச்சுன்னாரு. அப்போ பிளாக் செமி க்ளாஸ் பியூ, முடிவு பண்ணியாச்சு. கடைசியா ஒண்ணு, மேனிபோல்ட் பெயின்ட் அடிச்சதும் அவன்ல வைக்கணுமா?

அம்பாசடர்_மாம்பலம்

டப்பா மேல போட்டிருக்கிற நேரத்த பாருங்க, சிலிக்கான் பெயின்ட் சூடு ஏறினாதான் இறுகும், அதுவரைக்கும் நகம் பட்டாலே வந்துடும். சமையல் அவன்ல வைக்காதீங்க. மேனிபோல்ட்ட வண்டில மாட்டிட்டு பத்து நிமிசம் ஐடில்ல ஓட விட்டு நல்லா ஆற விடுங்க, அப்புறம் இருபது நிமிசம், மறுபடி ஆற விடுங்க, மூணாவது தடவை ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வாங்க. முதல் தடவை பொகை வரும், பயப்படாதீங்க, ஷெட்டுக்கு வெளிய நிறுத்தி செய்யுங்க. ஆனா புது பிஸ்டன் போட்ட எஞ்சின ரொம்ப நேரம் ஐடில்ல விடுறது நல்லதில்ல, அதனால உங்க மெக்கானிக்க ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணுங்க. ஓட்டிட்டு வரும்போது அப்பாவ முன்சீட்ல உக்கார வைங்க.