கேஸ் ஷீட் நிரம்புகிறது, அறிகுறிதான் தேறவில்லை: மாணவர்களை எப்படிப் பழக்குவது?

ஓபி_வாத்தியார்:
பி.ஹெச்.எம்.எஸ். (ஹோமியோபதி பட்டப்படிப்பு) மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களை ஓ.பி.யில் (வெளிநோயாளர் பிரிவு) கேஸ் எடுக்க, அதாவது நோயாளியிடம் விசாரித்துக் குறிக்கப் பழக்குகிறேன். ஹோமியோபதியைத் தோற்றுவித்த ஹானிமனின் அடிப்படை நூலான ஆர்கனானில், கேஸ் எடுப்பது பற்றிய 83 முதல் 104 வரையான பத்திகளை ஒப்பிப்பார்கள். நோயாளி முன்னால் உட்கார்ந்ததும், அச்சடித்த படிவத்தைப் பார்த்து "தாகம் அதிகமா? குளிர் தாங்குவீங்களா? கோபம் வருமா?" என்று அடுக்குகிறார்கள். அவரும் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க". நான்கு பக்கம் நிரம்பிவிடும். மதிப்பிடச் சொன்னால் முப்பது அறிகுறியையும் ரெபர்ட்டரி (அறிகுறிவாரியாக மருந்துகளைத் தரும் பட்டியல்) மென்பொருளில் கொட்டுகிறார்கள். சல்ஃபர் என்ற மருந்தே முதலிடத்தில் வந்து நிற்கிறது. ஒரு வகுப்புக்குப் பத்துப் பேர், ஒன்றரை மணி நேரம். எங்கிருந்து திருத்துவது?

கேஸ்ஷீட்:
முதல் நான்கைந்து வகுப்புக்குப் படிவத்தைப் பிடுங்கிவிடுங்கள் சார். வெள்ளைத்தாள் போதும்.

மும்மூன்று பேராகப் பிரியுங்கள்: ஒருவர் கேட்பவர், ஒருவர் நோயாளி, ஒருவர் கவனிப்பவர். மிஞ்சுகிறவர் இரண்டாவது கவனிப்பாளர். நோயாளியாக நடிப்பவர் கையில் நீங்கள் எழுதிய அரைப்பக்கத் தாள் இருக்கும். அதில் இரண்டு தகவலுக்கு அடிக்கோடிட்டு, "திறந்த கேள்வி வந்தால் மட்டும் சொல்" என்று குறித்துவிடுங்கள். 15 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் ஒப்பிடல், பிறகு இடம் மாறல்.

முதல் மூன்று நிமிடம் "சொல்லுங்க", "வேற?" இரண்டுக்கும் மேல் வாய் திறக்கக்கூடாது. ஆர்கனானின் 84ஆம் பத்தி கேட்பது அதைத்தான். ஒவ்வொரு தொந்தரவும் புது வரியில், கீழே நான்கு விரல் இடம் விட்டு (85). நோயாளி சொல்லி முடித்தபின் அந்த இடைவெளிகளுக்குத் திரும்பி வந்து (86), எந்த இடம், என்ன உணர்வு, எதனால் கூடுகிறது குறைகிறது, கூடவே என்ன வருகிறது என்று நிரப்பவேண்டும். ஹானிமனின் சீடர் போனிங்ஹாசன் சொன்ன முழு அறிகுறி இந்த நான்கும் சேர்ந்ததுதான்.

கவனிப்பவரின் வேலை ஒன்றே: ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போடுவது (87). "வெயில்ல தலைவலி வருமா?" என்றால் கோடு. "எப்பெல்லாம் வருது?" என்றால் இல்லை. "வலது பக்கமா, இடது பக்கமா?" என்பதும் கோடுதான், இரண்டில் ஒன்றை நாமே ஊட்டிவிடுகிறோம். கோட்டுக் கணக்கைப் பலகையில் எழுதிவைத்தாலே அடுத்த வாரம் பாதியாகும்.

பழைய_ஸ்டெத்:
மேலே சொன்னது சரி. நம்மூர் நோயாளியிடம் மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில உண்டு.

"எனக்குச் சூட்டு உடம்பு" என்றவுடன் "ஹாட் பேஷண்ட்" (வெப்பம் தாங்காதவர்) என்று எழுதிவிடுவார்கள். அவர் சொல்வது மாம்பழம் தின்றால் கட்டி வரும், நீர்க்கடுப்பு வரும் என்பதை. மார்கழியில் அவரே வெந்நீர் இல்லாமல் குளிக்கமாட்டார். "ராத்திரி படுக்கும்போது ஃபேன், போர்வை எல்லாம் எப்படி?" என்று கேட்டுவிட்டு அப்புறம் முடிவெடுக்கட்டும். தாகமும் அப்படித்தான். "மூணு லிட்டர் குடிக்கிறேன்" என்பவர் யாரோ குடிக்கச் சொன்னதால் குடிப்பவராக இருக்கலாம். காலைக் காபி பழக்கம். அதை விருப்பத்தில் சேர்த்தால் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே மருந்து வரும்.

குடைச்சல், காந்தல், கடுப்பு, "விண்விண்ணுன்னு தெறிக்குது" எல்லாவற்றையும் "வலி" என்று எழுதாமல் சொன்னபடியே எழுதட்டும். ரூப்ரிக் (ரெபர்ட்டரியில் அறிகுறிக்கான தலைப்பு) தேடுவது பிற்பாடு.

மருமகளுக்கு மாமியார் பதில் சொன்னால் அதையும் எழுதலாம், யார் சொன்னது என்ற குறிப்போடு. மாதவிடாய், வெள்ளைப்படுதல் பற்றித் தனியாகத்தான் கேட்கவேண்டும். ஆண் மாணவர் என்றால் அறையில் ஒரு பெண் ஊழியரோ மாணவியோ இருக்கட்டும்.

ரூப்ரிக்:
மதிப்பீட்டுக்கு வருகிறேன். இங்கே குறை பெரும்பாலும் ரெபர்ட்டரியில் இல்லை, மெடிசின் பாடத்தில் இருக்கிறது. நோய்க்கே உரிய பொது அறிகுறி எது என்று தெரியாதவருக்கு, ஆர்கனான் 153 சொல்லும் விசித்திரமான, தனித்த அறிகுறி கண்ணில் படாது.

காலையில் ஒரு மணி நேரம் மூட்டு இறுக்கம், அசைய அசையக் குறைவு. கேட்டதும் ரஸ் டாக்ஸ் மருந்து என்று துள்ளுவார்கள். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டழற்சி நோயின் இயல்பே அது. மைக்ரேனில் வெளிச்சம் தாங்காததும் சர்க்கரை நோயில் தாகமும் அதே கணக்கு. மாறாக, 103 டிகிரி காய்ச்சலில் தாகமே இல்லை. எரிகிறது என்கிறார், ஆனால் வெந்நீர் ஒத்தடம் கேட்கிறார். எச்சில் விழுங்கினால் தொண்டை வலி, இட்லி விழுங்கினால் குறைவு. இவற்றை வட்டமிடலாம்.

ஆகவே நோய் நிர்ணயம் முதலில். தாளின் இடப்பக்கம் அந்த நோயின் பொது அறிகுறிகளைப் பாடநூலிலிருந்து எழுதச் சொல்லி, அவற்றில் கேஸில் இருப்பவற்றைக் கோடிட்டு நீக்கச் சொல்லுங்கள். மிஞ்சுவதில் ஐந்து முதல் ஏழு ரூப்ரிக் போதும். முப்பது போட்டால் சல்ஃபர் வருவது இயற்கை; ஏராளமான ரூப்ரிக்குகளில் அது இருக்கிறது, கூட்டுத்தொகை ஏறத்தான் செய்யும். ஒரு சோதனை: இருப்பதிலேயே அதிக மருந்துகள் அடங்கிய இரண்டு ரூப்ரிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். மருந்து வரிசை தலைகீழானால் தேர்வு பலவீனம்.

மருந்துகளின் பலன் பற்றி பெரிய ஆய்வுத் தொகுப்புகள் சாதகமாக இல்லை என்பது தெரிந்ததே. அந்த வாதத்தை இங்கே இழுக்கவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும் நாடி, ரத்த அழுத்தம், வெப்பநிலை, மூச்சு எண்ணிக்கை எழுதாத தாளை மதிப்பிடவே வாங்காதீர்கள். திடீரென வந்த கடும் தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, நடந்தால் வரும் நெஞ்சு அழுத்தம், காரணமில்லா எடைக்குறைவு, மலத்தில் ரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தால் ரெபர்ட்டரியை மூடிவிட்டு அனுப்பவேண்டிய இடத்துக்கு அனுப்பப் பழகட்டும்.

ஓபி_வாத்தியார்:
நன்றி. மன அறிகுறிகளை என்ன செய்ய? எல்லாத் தாளிலும் "கோபம் வரும், சீக்கிரம் அழுவார்" இருக்கிறது.

கேஸ்ஷீட்:
மனநிலைக்கு ஹானிமன் (ஆர்கனான் 210 முதல்) பெரிய இடம் கொடுத்ததும், ரெபர்ட்டரி தொகுத்த கெண்ட் அதை உச்சியில் வைத்ததும் மாணவருக்குத் தெரியும். எப்போது கணக்கில் எடுப்பது என்பதுதான் தெரிவதில்லை. மூன்று கேள்வி போதும்: நோய் வந்தபின் மாறியதா? சம்பவத்துக்கு மீறிய அளவா? கூட இருப்பவரும் சொல்கிறாரா? இரண்டுக்காவது ஆம் வராவிட்டால் பென்சிலில் எழுதி வைக்கட்டும், ரூப்ரிக் ஆக்கவேண்டாம். "ஆறுதல் சொன்னால் மோசம்" என்று எழுதினால், யார் ஆறுதல் சொன்னார், அப்போது இவர் என்ன செய்தார் என்று ஒரு நிகழ்வு பக்கத்தில் இருக்கவேண்டும்.

மதிப்பெண்ணையும் மாற்றுங்கள். படிவம் நிரப்பியதற்குச் சுழியம். எந்த அறிகுறியை ஏன் தள்ளினாய் என்பதற்குப் பாதி மதிப்பெண்.