மூன்றாம்நிலைப் புகைக்கு ஒரு நல்ல சொல் வேண்டும்

குன்னூரிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். தேயிலைத் தோட்ட லயன் வீடுகளுக்கான சுவரொட்டி வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பீடியை அணைத்த பிறகும் சுவரிலும் கம்பளியிலும் தங்கிவிடும் நஞ்சுக்குப் பெயர் வேண்டும். புகைப்பவர் இழுப்பது முதல்நிலை, அருகில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாம்நிலை என்ற கணக்கில் 'மூன்றாம்நிலைப் புகை' என்று எழுதியிருந்தேன். அங்கன்வாடிப் பணியாளர் படித்துவிட்டு, "முதல் இரண்டு நிலை எங்கே?" என்று கேட்டார். குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்தே வைக்கும் ஊர் இது. 'வாசலில் நின்றுதானே பிடித்தேன், பிள்ளைக்கு என்ன வரும்?' என்கிறார்கள் தகப்பன்மார். அந்த நினைப்பை அசைக்கும் சொல்லாகத் தாருங்கள்.

உதகையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'புகையெச்சம்' என்று சொல்லுங்கள். 'எச்சத்தாற் காணப்படும்' என்ற குறளில் எச்சத்துக்கு மக்கட்பேறு என்றே பரிமேலழகர் பொருள் கொள்கிறார். எஞ்சி நிற்பதும் எச்சம், நாம் விட்டுச்செல்லும் பிள்ளையும் எச்சம். புகையின் எச்சம் நம் எச்சத்தைத் தாக்குகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் கிடைக்குமா?

கோத்தகிரியிலிருந்து, செவிலியர்:

ஐயா, சொல் அழகானது. ஆனால் எங்கள் தாய்மாருக்கு எச்சம் என்றால் காக்கை எச்சம்தான். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கிறது. அப்பாவின் ஸ்வெட்டரைச் சப்புகிறது. ஆபத்து அங்கே இருக்கிறது. தாய்மாருக்குக் கேட்டவுடன் விளங்க வேண்டும்.

பிள்ளைக்கு ஒன்றும் வராது என்ற நினைப்பு நம்மிடம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2005இல் கருத்துக் கேட்டு, 2009இல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற குழந்தை மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். இப்படித் தங்கிவிடும் நஞ்சு குழந்தைக்குத் தீங்கு என்று ஒப்புக்கொண்டவர்கள் புகைக்காதவர்களில் சுமார் 65 விழுக்காடு, புகைப்பவர்களில் 43 விழுக்காடுதான்.

உதகை ஆசிரியர்:

அப்படியானால் 'உறைபுகை'. மார்கழியில் உறைபனியைப் பார்க்காத நீலகிரிக்காரர் உண்டா? உறைதல் என்றால் இறுகுதல். தங்கி வாழ்தலும் அதுவே. உறைவிடம், உறையுள் எல்லாம் அந்த வேரில் பிறந்தவை. உறையூருக்கும் அதே வேர் என்பது என் நெடுநாள் எண்ணம். அதைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

செவிலியர்:

உறை என்றால் பனிக்கால நோய் என்றே இங்கு எடுத்துக்கொள்வார்கள் ஐயா. வெயில் வந்ததும் போய்விடும் என்றும் நினைப்பார்கள்.

கூடலூரிலிருந்து, வேதியியல் ஆசிரியர்:

புகையே இல்லாததற்கு ஏன் புகை என்று பெயர்? சுவரில் ஒட்டிய நிக்கோட்டின் காற்றிலுள்ள நைட்ரஸ் அமிலத்தோடு வினைபுரிந்து, புற்றுநோய் உண்டாக்கும் நைட்ரோசமின்களாகிறது. 2010இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் இதைக் காட்டினார்கள். புகை போக்கி இல்லாத கேஸ் அடுப்பிலிருந்தும் அந்த அமிலம் வரும். கண்ணுக்குத் தெரியாததால் 'புகைக்கறை'யும் தவறு. 'புகையிலைப் படிவு' என்பதே சரி.

குன்னூர் மொழிபெயர்ப்பாளர்:

இருவரையும் சேர்த்து 'படிபுகை' என்று வைக்கலாமா? வினைத்தொகை, வல்லினம் மிகாது. படிந்த புகை, படிகின்ற புகை, படியும் புகை என மூன்று காலமும் அதில் இருக்கின்றன. நேற்றுப் பிடித்தது இன்றும் சுவரில் இருப்பதைச் சொல்ல வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அடியில் 'சட்டையிலும் கம்பளியிலும் ஒட்டியிருக்கும் பீடி நஞ்சு' என்று விளக்கவரி போடுகிறேன்.

செவிலியர்:

விளக்கவரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அப்படியென்றால் எனக்குச் சம்மதம்.

உதகை ஆசிரியர்:

உறைபுகையில் மனம் நிற்கிறது. ஆனாலும் பெரும்பான்மைக்கு இணங்குகிறேன்.

கூடலூர் ஆசிரியர்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சொல்லில் புகை இருக்கும்வரை, சன்னலைத் திறந்துவிட்டால் வெளியேறிவிடும் என்றே தகப்பன்மார் நினைப்பார்கள்.