மறு: 'தொடர்புடைய திறன்கள்' – வேறு சொல் கிடைக்குமா?

வணக்கம். ரெசூமே எழுதும் வகுப்புகளில் ஆங்கில 'relevant skills' என்பதற்கு நம் பயிற்சித்தாளில் 'தொடர்புடைய திறன்கள்' என்று போட்டிருக்கிறோம், அதற்கு மாற்றாக நீங்கள் சொன்ன சொற்களைப் பற்றி எழுதுகிறேன்.

> 'பொருந்துதிறன்' போதுமே, சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் பொருள் வேறு பக்கம் போய்விடுகிறது. பேச்சுத்திறன் என்றால் பேசும் திறன், செயல்திறன் என்றால் செயல்படும் திறன். அந்தப் பழக்கத்தில் பொருந்துதிறனைப் பார்ப்பவர், புது இடத்தில் நாலு பேரோடு ஒத்துப்போகிற திறன் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

> 'உரித்திறன்'? திணைக்கு உரிப்பொருள் இருப்பதுபோல வேலைக்கு உரித்திறன்.

இது எனக்கு மிகவும் பிடித்தது. சங்க அகப்பாடல்களில் ஒவ்வொரு நிலத்துக்கும் உரியதாகச் சொல்லப்படும் காதல் ஒழுக்கம்தான் உரிப்பொருள். குறிஞ்சிக்குப் புணர்தல், முல்லைக்கு இருத்தல் என்று நிலத்துக்கு நிலம் உரிப்பொருள் மாறுவதுபோல, வேலைக்கு வேலை முன்னால் நிற்க வேண்டிய திறனும் மாறும். ஆனால் போன சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்தேன், பாதிப் பேர் 'உரிக்கிற திறனா?' என்றே கேட்டார்கள். ஆறாம் ஆண்டோடு தமிழ்ப் பாடத்தை விட்டவர்களுக்கு உரிப்பொருள் எங்கே தெரியும்? ரெசூமே மலாயிலோ ஆங்கிலத்திலோதான் போகப்போகிறது, அதை எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் நமக்குத் தமிழ்ச் சொல் வேண்டும். கேட்டவுடன் விளங்காவிட்டால் பயனில்லை.

அதே வகுப்பில் ஒரு தம்பி, கிள்ளானில் வெல்டிங் வேலைக்கு மனு செய்கிறான். எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழில் 3ஆம் நிலை முடித்தவன், 6ஜி என்ற குழாய் வெல்டிங் சோதனையிலும் தேறியவன். அதில் குழாயை 45 பாகை சாய்த்து இறுக்கிவிடுவார்கள், குழாய் சுழலாது, வெல்டிங் செய்பவன்தான் உடம்பை வளைத்து, மேலும் கீழும் கையை மாற்றி மாற்றிச் சுற்றி வர வேண்டும். நம் பயிற்சித்தாளில் 'தொடர்புடைய திறன்கள்' என்ற தலைப்பின்கீழ் அவன் எழுதியிருந்தது: கடின உழைப்பு, நேரம் தவறாமை, வேர்டு, எக்செல், மூன்று மொழி. 6ஜி இரண்டாம் பக்கத்தின் அடியில் சான்றிதழ்களோடு கிடந்தது. ஏன் தம்பி என்று கேட்டேன். "எல்லாமே என்னோட தொடர்புடையதுதானே அண்ணே" என்றான்.

தப்பு அவனுடையது இல்லை. எதோடு தொடர்பு என்று அந்தச் சொல் சொல்லவே இல்லையே! 'வேலைக்குரிய திறன்கள்' என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன். எந்த வேலைக்கு என்று உடனே கேட்டான், விளம்பரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான், அப்புறம் முதல் வரியிலேயே 6ஜி வந்தது, அடுத்த வரியில் டிக் வெல்டிங், அதற்கடுத்து வரைபடம் பார்த்துக் குழாய் வெட்டுவது. எக்செல் தானாகக் கீழே போய்விட்டது.

அதனால் என் ஓட்டு 'வேலைக்குரிய திறன்கள்' என்பதற்குத்தான். இரண்டு சொல்லாக இருக்கிறதே என்று சிலருக்குக் குறை இருக்கும், எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒரே சொல்தான் வேண்டும் என்றால் கட்டுரைகளில் உரித்திறன் இருக்கட்டும், பயிற்சித்தாளில் வேண்டாம்.

இன்னொன்று. ஒரு வேலையில் கற்று அடுத்த வேலைக்கும் கொண்டுபோகிற திறனை 'மாற்றத்தக்க திறன்' என்று எழுதுகிறோம், அது மாற்றித் தொலைக்க வேண்டிய திறன்போல ஒலிக்கிறது. 'கூடவரும் திறன்' எப்படி? பினாங்கு நண்பர்கள் உங்கள் வகுப்பிலும் பலகையில் எழுதிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள்.