உவமை, உருவகம், எடுத்துக்காட்டு உவமை: எப்படிப் பிரிப்பது?

கேள்வி: தேர்வில் இந்த மூன்றும் குழம்புகின்றன. ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில் 1: கூடாது, அந்தக் குறுக்குவழிதான் மதிப்பெண்ணைத் தின்கிறது. ‘மலர்விழி’யில் ‘போல’, ‘போன்ற’ என்ற உவம உருபே இல்லை, ஆனாலும் அது உவமைத்தொகை, மலர் போன்ற விழி. திருப்பிப் போட்டு ‘விழிமலர்’ என்றால் விழியாகிய மலர், உருவகம். எது முன்னே நிற்கிறது என்று பாருங்கள். உவமை முன்னே நின்றால் தொகை, ஒப்பிடப்படும் பொருள் முன்னே நின்றால் உருவகம். நடுவில் ‘போன்ற’, ‘ஆகிய’ இரண்டையும் போட்டுப் படித்தால் எது ஒட்டுகிறது என்று தெரிந்துவிடும்.

பதில் 2: எடுத்துக்காட்டு உவமைக்கு இரண்டு தனி வாக்கியங்கள் வேண்டும், இடையில் உருபு மறைந்திருக்க வேண்டும். முதல் குறளே சான்று: ‘அகர முதல எழுத்தெல்லாம்’ ஒன்று, ‘ஆதி பகவன் முதற்றே உலகு’ இன்னொன்று. நடுவில் ‘அதுபோல’ சேர்த்தால் பொருந்தும். இரண்டாவது வாக்கியமே இல்லாமல் உவமை மட்டும் நின்றால் அது பிறிதுமொழிதல். ‘பீலிபெய் சாகாடும்’ குறள் (475) அப்படித்தான், வண்டியைச் சொல்லிவிட்டு அரசனைச் சொல்லவேயில்லை.

பதில் 3: ‘போல்’ இருந்தும் உவமை ஆகாத இடம் உண்டு. சிலம்பில் மதுரைக் கொடிகள் ‘வாரல்’ (வராதீர்கள்) என்பனபோல் கைகாட்டுகின்றன. காற்றில் இயல்பாக ஆடுவதற்குக் கவிஞர் தம் காரணத்தை ஏற்றுகிறார்: தற்குறிப்பேற்றம்.

கேட்டவர்: 505ஆம் குறளில் ‘கருமமே கட்டளைக் கல்’ வெறும் உருவகமா?

பதில் 2: ஏகதேச உருவகம். செயலைக் கட்டளைக் கல், அதாவது பொன்னின் தரம் பார்க்கும் உரைகல் ஆக்கியவர், மனிதரைப் பொன்னாக்காமல் விட்டுவிட்டார்.