கொழுப்பு குறைந்த காட்டேஜ் சீஸ்: லேபிளில் எந்த வரி உங்களை உறுத்தியது?

உப்புக்கணக்கு:
அப்பாவுக்கு பி.பி. உண்டு. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து ராத்திரிச் சாப்பாடே அவருக்கு ஒரு சதவீதக் கொழுப்பு காட்டேஜ் சீஸ்தான், க்ரீமில் நனைந்த பருக்கை பருக்கையான பாலாடைக்கட்டி. டப்பாவும் ஸ்பூனுமாக டிவி முன்னால் உட்கார்ந்தால் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். எடை கொஞ்சம் இறங்கியது, பி.பி. மட்டும் அசையவில்லை. டயட்டீஷியனிடம் போனபோது, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்க, அப்பா பெருமையாகப் பையிலிருந்து டப்பாவையே எடுத்து மேஜையில் வைத்தார். அந்த அம்மா முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேரே பின்பக்கம் திருப்பி, பேனா முனையைக் கலோரி, கொழுப்பு, கொலஸ்ட்ரால் எல்லாம் தாண்டிக் கொண்டுபோய் ஒரு வரியில் ஊன்றினார். சோடியம், 459 மி.கி. "இது அரை கப்புக்கு சார். இந்த டப்பாவில் நாலு அரை கப் இருக்கு."

மனக்கணக்கில் அப்பா புலி. 1,836 என்று அவரே சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்கவே 2,000 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு இன்னும் உறுத்துவது அந்த எண் இல்லை. வாயில் வைத்தால் உப்பே தெரிவதில்லை என்பதுதான். 28 கிராம் செடார் (கெட்டியான சீஸ் வகை) துண்டில் சுமார் 180 மி.கி.தான் இருக்கிறது, அதை உப்பு என்று நாக்கு உடனே சொல்லிவிடுகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பளுதூக்கி:
என் கதை கொழுப்புக் கதை. ஜிம்முக்கு நான் கொண்டுபோனது 2% டப்பா. "ஒரு சதவீதம்தான் வாங்கணும்னு எத்தனை தடவை சொல்றது" என்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் பிடித்துக்கொண்டார். சரி என்று கேட்டுக்கொண்டேன். அன்றைக்கே மதியம் அவர் தன் சாலட் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றினார் பாருங்கள்! அளவெல்லாம் கிடையாது, புட்டியைச் சாய்த்து தாராளமாகச் சுற்றிச் சுற்றி. தட்டின் ஓரத்தில் எண்ணெய் தேங்கி நின்றதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

100 கிராமுக்கு 1% டப்பாவில் கொழுப்பு 1 கிராம், 2% டப்பாவில் 2.3 கிராம். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் நாலரை கிராம். புரதம் இரண்டிலும் 11, 12 கிராம் என்று கிட்டத்தட்ட ஒன்றுதான். இதற்கா அவ்வளவு பேச்சு?

எடைமேடை:
பளுதூக்கி, உங்கள் பயிற்சியாளரை விட்டுத்தள்ளுங்கள், ஆனால் வாதம் அவ்வளவு சரியில்லை. ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்பது எடைக்கணக்கு. கலோரிக்கணக்கில் பாருங்கள்: 1% டப்பாவின் 100 கிராமில் 72 கலோரி, அதில் கொழுப்பின் பங்கு 9தான். 2% டப்பாவில் 80 சொச்சம் கலோரி, கொழுப்பின் பங்கு 20. எட்டில் ஒன்றும் நாலில் ஒன்றும் ஒன்றாகிவிடுமா? உப்புக்கணக்கின் அப்பா மாதிரி டப்பாவோடு சாப்பிடுகிறவர்களுக்கு இது கூடிக்கொண்டே போகும். எனக்குச் சொல்லத் தனிக் கதை ஒன்றும் இல்லை, இதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை.

இரவுப்பணி:
டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஒரு பெரியவர், எல்லாவற்றுக்கும் தடை கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர், ஊசி போட்டுக்கொண்டே இருக்கும்போது மெல்லக் கேட்டார்: "சிஸ்டர், இது ஒண்ணையாவது சாப்பிடலாமா?" போர்வைக்கு அடியில் ஒரு சின்ன டப்பா. திருட்டுச் சாமான் மாதிரி மறைத்து வைத்திருந்தார். பால் சார்ந்தது என்றாலே பாஸ்பரஸ் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் தேங்கிவிடும் தாது), கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

டயாலிசிஸ் ஆரம்பித்தவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், பாஸ்பரஸ் குறைவாக வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். காட்டேஜ் சீஸில் 100 கிராமுக்குப் புரதம் 12.4 கிராம், பாஸ்பரஸ் 134 மி.கி. அதாவது ஒரு கிராம் புரதத்துக்கு 11 மி.கி. பாஸ்பரஸ் கூட ஆகவில்லை. பாலில் இது 25க்கு மேல், செடாரில் 20 சுற்றி. எங்கள் சிறுநீரக டயட்டீஷியன் இதையெல்லாம் பார்த்துவிட்டு, உப்பு சேர்க்காத வகையாக இருந்தால் சின்ன அளவு எடுத்துக்கொள்ளலாம் என்றார். அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எல்லாருக்கும் இது பொருந்தாது, ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். லேபிளில் பாஸ்பேட் என்று முடிகிற சேர்க்கை ஏதாவது இருந்தால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

அதனால் உப்புக்கணக்கு, இதை விஷம் மாதிரி பார்க்காதீர்கள். அளவுதான் பிரச்சினை.

உப்புக்கணக்கு:
விஷம் என்று நான் எங்கே சொன்னேன் சிஸ்டர்? எண்ணைத்தான் சொன்னேன்.

பால்தொட்டி:
பால் ஆலையில் இதைத் தயாரிக்கும் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவன். மேலே கேட்ட உப்புக் கேள்விக்கு விடை தொட்டியிலேயே இருக்கிறது.

கொழுப்பு நீக்கிய பாலில் உறை நுண்ணுயிரும் துளி ரென்னெட்டும் (பாலை உறைய வைக்கும் நொதி) சேர்ப்போம். மெதுவாகப் புளித்துக் கெட்டியாகும். கம்பி கட்டிய கத்தியால் அதைச் சிறு சதுரங்களாக அறுத்து, சூடேற்றி, பிரிந்த நீரை வடித்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் அலசுவோம். வடிகிற அந்த நீர் இளம்பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். முதல் நாள் பார்க்கும்போது ஏதோ கெட்டுவிட்டது என்றே நினைக்கத் தோன்றும். ரைபோஃபிளேவின் என்கிற பி2 வைட்டமினின் நிறம் அது. அதோடு லாக்டோஸும் போகிறது, கால்சியமும் போகிறது. எங்கள் மேற்பார்வையாளர் வடிகாலைக் காட்டி, "எலும்புக்கு நல்லதெல்லாம் அதோ ஓடுது" என்பார். அந்தக் காட்சி எனக்கு மறக்கவே இல்லை, ஏனென்றால் வீட்டில் எல்லாரும் எலும்புக்கென்றே இதை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அமிலத்தில் பால் திரியும்போது புரதத்தோடு ஒட்டியிருந்த கால்சியம் கரைந்து நீரோடு போய்விடும். அதனால் 1% வகையில் 100 கிராமுக்கு 61 மி.கி.தான். அதே எடை பாலில் சுமார் 120. செடாரில் 700க்கு மேல், ஏனென்றால் அங்கே முக்கால் வேலையை ரென்னெட் பார்க்கிறது, புளிப்பு குறைவு.

அலசி முடித்த பருக்கைகளை அப்படியே வாயில் போட்டால் சப்பென்று இருக்கும், பல்லில் கிறீச் கிறீச் என்று படும். அதன் மேல் ஊற்றுகிற க்ரீம் கலவையில்தான் கொழுப்பும் உப்பும் வருகின்றன. 1%, 2%, 4% எல்லாம் அநேகமாக ஒரே பருக்கைதான், ஊற்றுவதுதான் வேறு. கொழுப்பைக் குறைத்ததும் ருசி விழும், உப்பு விழாது. 4% வகையில் 100 கிராமுக்கு 364 மி.கி. சோடியம், 1% வகையில் 406!

இனிக் கேட்காமலே சில யோசனை. லேபிளைப் படிக்கும்போது சர்விங், அதாவது ஒரு தடவைக்கான அளவு, எத்தனை கிராம் என்பதை முதலில் பாருங்கள், ஒருவர் 113 (அரை கப்) போடுவார், இன்னொருவர் 100 போடுவார். உப்பு சேர்க்காதது என்று தனியாக வரும், அதைத் தேடுங்கள். குவார் கம், கேரஜீனன் என்று பார்த்து அலற வேண்டாம், கலவை நீர்த்துப்போகாமல் பிடித்து வைக்கத்தான் அவை. நார்ச்சத்து சுத்தமாகக் கிடையாது, இரும்பும் பேருக்குத்தான், ஆகவே காயோ பழமோ பக்கத்தில் இருக்கட்டும். தைராய்டு மாத்திரை போட்ட கையோடு சாப்பிடாதீர்கள், கால்சியம் குறைவென்றாலும் மருத்துவர் சொன்ன இடைவெளியை விடுங்கள். அப்புறம், பால் ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு இது ஒத்துக்கொள்ளும். லாக்டோஸ் பாலில் பாதியளவுதான். பால் பவுடர் சேர்த்திருந்தால் அதுவும் ஏறும்.

வரைபடம்:
எனக்கு சர்க்கரை, அதன் அளவைப் போனில் கோடாகக் காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டியிருக்கிறேன். சாதாரண 1% அரை கப் சாப்பிட்டால் கோடு அப்படியே படுத்திருக்கும், மாவுச்சத்து 3 கிராம்தான். அக்கா வீட்டில் பழம் கலந்த டப்பா கொடுத்தார்கள், அதிலும் முன்பக்கத்தில் பெரிதாகக் 'கொழுப்பு குறைவு'. பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அலாரம் அடித்தது. அக்கா டப்பாவைப் பிடுங்கி லேபிளைப் படித்துவிட்டு என்னிடம் கோபித்துக்கொண்டார். வாங்கியது அவர்!

உப்புக்கணக்கு:
பால்தொட்டி சார், உப்பு மேலே ஊற்றுகிற கலவையில்தான் என்றால், வடிதட்டில் போட்டுத் தண்ணீரில் அலசிவிட்டால்?

பால்தொட்டி:
குறையும், நன்றாகவே குறையும். க்ரீமும் போய்விடும், பழைய சப்பென்ற பருக்கைதான் மிஞ்சும். மிளகு, எலுமிச்சை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

எடைமேடை:
அலசினால் மிச்சமிருக்கிற கால்சியமும் போகுமே?

பால்தொட்டி:
போகும்தான். அரை கப்பில் இருப்பதே 69 மி.கி. கால்சியத்துக்காக இதைச் சாப்பிடுகிறவர் பேசாமல் பாலைக் குடிக்கட்டும்.