கோஹா ஓபேக்கில் தமிழ் நூல்கள் தேடினால் அகப்படுவதில்லை: கோளாறு எங்கே?

புத்தக_அடுக்கு கேட்டது:

வணக்கம். கலை அறிவியல் கல்லூரி நூலகம். டெபியனில் கோஹா நூலக மென்பொருள், ஜீப்ரா தேடுபொறி; வாசகர்கள் தேடுவது ஓபேக் என்ற அதன் இணைய நூற்பட்டியலில். 18,000 பதிவுகளில் 7,000 தமிழ். ஆங்கில நூல்களில் சிக்கல் இல்லை. தமிழில் மூன்று தொல்லைகள்.

ஒன்று, 'கொடி', 'சோழர்' என்று தேடினால் சில பதிவுகள் வருகின்றன, சில வருவதில்லை. வராத நூலை பார்கோடு போட்டு எடுத்தால் தலைப்பு சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு, பழைய மென்பொருளிலிருந்து கொண்டுவந்த சில நூறு பதிவுகளில் தலைப்பு முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. மூன்று, மாணவர்கள் கைப்பேசியில் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள், ஒன்றும் வராது.

தமிழுக்கு கோஹா சரிப்படாது என்கிறார்கள். வேறு மென்பொருளுக்கு மாறத்தான் வேண்டுமா?

894.811:

மாற வேண்டாம் சார். மாறினாலும் இதே பதிவுகளைத்தான் அங்கேயும் கொண்டுபோவீர்கள்.

முதல் தொல்லையைப் பார்ப்போம். 'கொ' யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். 'ொ' ஒரே குறியீடாக இருக்கலாம்; ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் இருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. அந்தத் தலைப்பை நோட்பேடில் ஒட்டி, 'கொ'வுக்குப் பின்னால் நின்று ஒருமுறை பின்னழிப்பு விசையைத் தட்டுங்கள். பெரும்பாலும் 'க' மிஞ்சினால் ஒரே குறியீடு, 'கெ' மிஞ்சினால் இரண்டு. 'சோ'வுக்கும் இதே கதைதான்.

ஜீப்ரா சிஎச்ஆர் முறையில் ஓடுகிறதா, ஐசியு முறையிலா என்று பாருங்கள். சிஎச்ஆர் ஐரோப்பிய எழுத்துகளை மனதில் வைத்துச் செய்த பட்டியல். இந்த இரு வடிவங்களையும் ஒன்றாக்க அதற்குத் தெரியாது, ஐசியு என்ற யூனிகோட் நிரல்தொகுப்புக்குத் தெரியும். செய்ய வேண்டியது:

1. முதலில் தரவுத்தளத்தை முழுதாகக் காப்பு எடுங்கள்.
2. ஜீப்ராவின் டிஃபால்ட் ஐடிஎக்ஸ் கோப்பில் சொல், சொற்றொடர் இரண்டுக்கும் உள்ள 'சார்மேப்' வரிகளை எடுத்துவிட்டு 'ஐசியுசெயின்' வரிகளைப் போடுங்கள்.
3. ஜீப்ரா சேவையை நிறுத்தித் திரும்பத் தொடங்குங்கள். இதை விட்டுவிட்டால் தேடல் அட்டவணை புது விதியிலும் தேடல் பழைய விதியிலும் ஓடும். முன்பு வந்ததும் வராது.
4. முழு மறு அட்டவணையாக்கம். புதிய பதிவுகளுக்கு மட்டும் என்பது போதாது.
5. கோஹா அமைப்பு விருப்பங்களில் ஃபஸி தேடலையும் (கிட்டத்தட்ட ஒத்த சொல்லையும் தேடுவது) ஸ்டெம்மிங்கையும் (விகுதி நீக்கித் தேடுவது) அணையுங்கள். முதலாவது ஐசியுவோடு ஒத்துப்போகாது, இரண்டாவதற்குத் தமிழ் தெரியாது.

இத்தோடு நின்றால் அடுத்த பள்ளத்தில் விழுவீர்கள். ஐசியு சொல் விதிக் கோப்பைத் திறந்து, 'நான்ஸ்பேஸிங் மார்க்' குறிகளை (தனி இடம் எடுக்காமல் எழுத்தோடு ஒட்டும் குறிகளை) நீக்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். பிரெஞ்சு, ஜெர்மன் எழுத்துகளின் மேற்குறிகளைக் கழற்றுவதற்கான விதி அது. தமிழில் மெய்யின் புள்ளியும் ஈகாரக் குறியான 'ீ'யும் அதே வகையில் வருகின்றன. இகரக் குறி வராது. விளைவு, 'மீன்' அட்டவணையில் 'மன' ஆகும். 'கல்வி' என்னவாகும் என்று புள்ளியை எடுத்துப் படித்துப் பாருங்கள். கல்வியியல் துறைக்காரர் ஓபேக்கைத் திறக்கும் முன் இதைச் சரிசெய்வது நல்லது.

புத்தக_அடுக்கு:

திறந்து பார்த்தேன், அந்த வரி இருக்கிறது! அதை அழித்துவிட்டால் முடிந்ததா?

894.811:

அழிக்காதீர்கள். அந்த ஒரே வரியில்தான் எழுத்தைப் பிரித்து மறுபடி சேர்க்கும் என்எஃப்டி, என்எஃப்சி வேலையும் நடக்கிறது. வரி போனால் 'கொ' சிக்கல் திரும்ப வந்துவிடும். நீக்கும் தொகுதியிலிருந்து தமிழ் எழுத்துகளை மட்டும் கழியுங்கள்: நான்ஸ்பேஸிங் மார்க் தொகுதி, கழித்தல் குறி, தமிழ்த் தொகுதி. சொற்றொடர்க் கோப்பிலும் அதே விதி இருந்தால் அங்கேயும் இதே மாற்றம். பிறகு மேலே சொன்ன 3, 4.

மார்க்_245:

இரண்டாவது தொல்லை பாமினி எழுத்துரு: ஆங்கில எழுத்துகளின் குறியீட்டில் தமிழ் வடிவம் காட்டும் பழைய முறை. யூனிகோட் மாற்றி ஒன்றில் மொத்தமாகப் போட்டு எடுத்தால் கெட்டது குடி. பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை, 'இ'க்குக் காற்புள்ளி விசை. ஆகவே காற்புள்ளியால் பிரித்த கோப்பாக ஏற்றுமதி செய்தால் 'இலக்கியம்' என்று தொடங்கும் தலைப்பு ஒரு நெடுவரிசை தள்ளிப் போய் உட்காரும். டேப் பிரிப்பில் எடுங்கள். ஆசிரியர் பெயருக்கும் முன்னெழுத்துக்கும் நடுவே நிஜமாகவே போட்ட காற்புள்ளி, மாற்றியபின் 'இ'யாக நிற்கும். அதைக் கையால்தான் பார்க்க வேண்டும். மார்க் வடிவப் பதிவில் 100 (ஆசிரியர்), 245 (தலைப்பு), 260 (பதிப்பு விவரம்), 650 (பொருள்) புலங்களின் தமிழ்த் துணைப்புலங்களை மட்டும் மாற்றுங்கள். 020 (ஐஎஸ்பிஎன்), 082 (டியூவி வகைப்பாட்டு எண்), 952 (நூற்படி விவரம்) பக்கம் போகவே வேண்டாம்.

திரும்ப ஏற்றும்போது லீடரின் (பதிவின் தொடக்கப் பகுதி) 9ஆம் இடத்தில் 'ஏ' சிற்றெழுத்து இருக்க வேண்டும் (எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் பத்தாவது எழுத்து). அது வெற்றிடமாக இருந்தால் பதிவு மார்க்-8 என்ற பழைய குறியாக்கத்தில் உள்ளதாகக் கொள்ளப்பட்டு, தமிழ் சிதைந்துபோகும். மார்க்எடிட் என்ற பதிவுத் திருத்தக் கருவியில் ஒரே ஓட்டத்தில் எல்லாப் பதிவுக்கும் போட்டுவிடலாம்.

ஐசியுவாலும் தீராத இரட்டைகள் உண்டு. 'கௌரவம்' என்பதை 'கெ'யும் ளகரமுமாக அடித்திருப்பார்கள். 'ஸ்ரீ'யை ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ'வில் தொடங்குவது இன்னொன்று. இவற்றைப் பதிவில்தான் திருத்த வேண்டும். ஆனால் 'ெள' வரும் இடமெல்லாம் 'ௌ' என்று மொத்தமாக மாற்றிவிடாதீர்கள். வெள்ளமும் வெள்ளாளரும் சேர்ந்து கெடும். கௌரவம், பௌத்தம், மௌனம், சௌராஷ்டிரம் என்று சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள்.

குறிப்புதவி_மேசை:

மூன்றாவதற்கு என் யோசனை 246 புலம் (மாற்றுத் தலைப்பு): தலைப்பை ஆங்கில எழுத்திலும் அங்கே கொடுங்கள். முதல் சுட்டி 3 என்று போட்டால் தேடலில் அகப்படும், பதிவுக் காட்சியில் குறிப்பாக வந்து நிற்காது. வேறு எழுத்து வடிவத்துக்கான 880 புலம்தான் முறையானது என்று சிலர் சொல்வார்கள். அட்டவணை வரையறையில் அதைச் சேர்க்காவிட்டால் தேடலுக்கு உதவாது.

எழுத்துப்பெயர்ப்பைத் தானியங்கியாக எடுத்தால் பயன் குறைவு. அமெரிக்கக் காங்கிரஸ் நூலக முறைப்படி 'திருக்குறள்' முதலெழுத்தில் 'எச்' வராது, மாணவர் தட்டுவது 'டி-எச்'. ழகரத்துக்கு அங்கே அடிக்குறியோடு 'எல்', இங்கே 'இசட்-எச்'. மாணவர் தட்டும் வடிவத்தையே ஒன்றோ இரண்டோ 246இல் கொடுங்கள். 7,000க்கும் வேண்டாம்; பாடத்திட்ட நூல்கள், அதிகம் வழங்கப்பட்ட நூல்கள் என்று ஒரு 500 போதும். 'தமிழிலக்கியம்', 'தமிழ் இலக்கியம்' என்று சேர்த்தும் பிரித்தும் எழுதும் தலைப்புகளுக்கும் இதே மருந்து.

இன்னொன்று. 'வரலாறு' என்று தேடினால் 'வரலாற்றில்' வராது. 'வரலா' என்று எழுதி உடுக்குறி (*) போடச் சொல்லி ஓபேக் தேடல் பெட்டிக்குக் கீழேயே ஒரு வரி எழுதி வையுங்கள். நூலக அறிமுக வகுப்பில் சொன்னால் மறுநாள் மறந்துவிடுவார்கள்.

புத்தக_அடுக்கு:

நன்றி. தமிழைக் கழித்து விதியை மாற்றி மறு அட்டவணை ஓட்டியாயிற்று. 'கொடி' இப்போது இரு வடிவத்திலும் வருகிறது. பாமினி பதிவுகளை டேப் பிரிப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வேடுகளின் பிடிஎஃப்பிலும் இப்படித்தானா? டிஸ்பேஸ் எண்ணிமக் களஞ்சியத்தில் முழு உரைத் தேடலில் தமிழே வருவதில்லை.

மார்க்_245:

பிடிஎஃப்பில் ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் வெறும் படம். ஆங்கிலக் குப்பை வந்தால் பழைய எழுத்துரு. மேலே தமிழாகத் தெரிந்தாலும் அடியில் உள்ள உரை அதுதான். இரண்டுக்கும் பக்கங்களை 300 டிபிஐ படமாக்கி, டெசராக்ட் எழுத்துணரியில் தமிழும் ஆங்கிலமும் சேர்த்து ஓட்டி, புது உரை அடுக்கு ஏற்ற வேண்டும். ஓசிஆர்மைபிடிஎஃப் கருவியில் கட்டாய முறையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஏற்கெனவே உரை இருக்கிறது என்று சொல்லி அது வேலையை நிறுத்திவிடும். மூலக் கோப்பை அழிக்காமல் தனியே வையுங்கள்.